கிடங்குக்குக் கதவு வைக்காத காரணம்

என் மகனுக்கு, சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பேச்சு நின்றுபோனவர்கள் ஒரு வகை, பேச வேண்டியதைப் பேச முடியாதவர்கள் இன்னொரு வகை. நமக்குள் பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை. இன்று சனிக்கிழமை காலையில்கூட இட்லித் தட்டுக்கு மேலே அரைமணி நேரம் பேசினோம். ஆகவே நான் எந்த வகை என்று நீயே முடிவு செய்துகொள்ளலாம். திங்கட்கிழமை முதல் வண்டிகளின் சாவிக் கொத்து உன் கைக்கு வருகிறது. என் முழங்கால் ஒத்துழைக்க மறுப்பதால் இது நாம் சேர்ந்து எடுத்த முடிவு, அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதை ஒட்டி நீ இரண்டு செய்திகள் சொன்னாய். முதலாவது இது: "அப்பா, கிடங்குக்கு ஷட்டர் சொல்லியாச்சு. புதன்கிழமை வந்து மாட்டறான். எத்தனை வருஷமா வாசல் பப்பரப்பான்னு கெடக்கு, நாயெல்லாம் சீட்டிலே ஏறிப் படுத்துக்கறது." இரண்டாவதை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். கடலோரத்து ஹோட்டல் ஒன்று எட்டு பேட்டரி வண்டி வாங்குகிறது, அவற்றைச் சார்ஜ் செய்து பராமரிக்கும் வேலைக்கு வர்கீஸ் சேட்டன் விண்ணப்பித்திருக்கிறார், நம்மிடம் வேலை பார்த்தவர் என்பதால் ஆள் எப்படி என்று மேனேஜர் உன்னைக் கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை பதில் சொல்வதாக நீ சொல்லியிருக்கிறாய்.

"என்ன சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லிடுவேன். மனுஷர் நல்லவராக்கும், ஆனா கை சரியில்லை. ஒரு நட்டை லூஸா விட்டு என் கண்ணு போக இருந்துதுன்னு." சொல்லும்போது உன் இடது கை தானாக எழுந்து இடது புருவத்தைத் தொட்டது. அங்கே ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்காது.

நான், "இன்னும் கொஞ்சம் சட்னி போடு" என்றேன். பதினொரு வருஷமாக இந்த விஷயத்துக்கு நான் சொல்லிவந்திருக்கும் பதில்களில் அதுவும் ஒன்று.

இதைப் பகிரங்கக் கடிதமாக எழுதுவதற்கு ஒரு சௌகரியம் வாய்த்திருக்கிறது. நம் சமாஜத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் இரண்டு மாதமாக என்னைத் துரத்துகிறார். "கதை, கவிதையெல்லாம் நிறைய வந்துடுத்து சார். உபயோகமா ஏதாவது எழுதுங்கோ. பேட்டரி வண்டிகளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது எப்படின்னு ரெண்டு பக்கம்" என்றார். மலரை வாங்குகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் படம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு அதை அலமாரியில் வைப்பார்கள். ஆனாலும் அச்சில் வந்தது வந்ததுதான். பத்துப் பேர் முன்னால் சொன்ன பொய்யைத் திருத்துவதற்குப் பத்துப் பேராவது வேண்டும். முதல் பிரதி இன்று சாயங்காலத்துக்குள் உன் தட்டருகில் இருக்கும், இரண்டாவது பிரதி செயலாளருக்குப் போகும். நீ மலையாளத்தை ஓடிப் படிப்பவன், தமிழைத் தடவித் தடவிப் படிப்பவன். இந்தக் கடிதத்துக்கு அந்த வேகமே சரி.

கோல்ஃப் என்ற விளையாட்டை நம் வம்சத்தில் யாரும் ஆடியதில்லை. நம் கொச்சி மட்டாஞ்சேரியில் அதற்கு இடமும் இல்லை. பந்தை அடித்தால் முதல் அடியிலேயே யாருடைய மிளகு மூட்டையிலாவது போய் விழும். ஆனாலும் பதினாறு வருஷமாக நம் வீட்டு அடுப்பு எரிவது கோல்ஃப் வண்டியால்தான். படகுத் துறையில் இறங்கும் வயதான பயணிகளை அரண்மனைக்கும், அங்கிருந்து மசாலாக் கடைத் தெருவுக்கும் சத்தமில்லாமல் கூட்டிப் போகும் நாலு வண்டிகள். நான் அவற்றை வாங்கியபோது, என் அத்திம்பேர், அதாவது உன் அத்தையின் கணவர், எர்ணாகுளத்திலிருந்து வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "பெட்ரோல் இல்லாம ஓடறதெல்லாம் ஒரு வண்டியாடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு நான் கடைசிவரை பயந்தேன். இந்தக் கதையில் அந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

வண்டியோடு வந்த புத்தகத்தை நான் முழுக்கப் படித்தேன். படித்தவன் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்கு அடியில் எட்டு வோல்ட் பேட்டரிகள் ஆறு. ஒவ்வொரு பேட்டரியின் தலையிலும் மூடி போட்ட நாலு குழிகள். அந்தக் குழிகளில் ஈயத் தகடுகள் அமிலத்தில் முங்கி இருக்கும், தண்ணீர் வற்றினால் ஊற்ற வேண்டும். புத்தகத்தில் சுத்தமான தண்ணீர் என்று இருந்தது. நம் வீட்டில் சுத்தமான தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். நாம் குடிப்பது பேட்டரிக்கு ஆகாதா என்று நினைத்து, உன் அம்மா சமையலறையில் ஆறவைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய் மூன்று மாதம் ஊற்றினேன். அதில் சில நாள் சீரகமும் கிடந்திருக்கலாம். நாலாவது மாதம் வண்டி பஜார் ரோட்டில் பாதியில் நின்றது. பயணிகளில் ஒரு பெரியவர் இறங்கித் தள்ளினார். அவருக்கு எண்பது வயது இருக்கும்.

அப்படித்தான் வர்கீஸ் வந்தார். ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்திருந்தார். கிடங்கில் நுழைந்ததும் ஒரு மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "சாமி, இதில என்ன வெள்ளம் ஒழிச்சது?" என்று கேட்டார், ஊற்றியது என்ன தண்ணீர் என்று. நம்மைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை மலையாளிகள் சாமி என்று கூப்பிடுவது வழக்கம், பக்தியோடு இதற்குச் சம்பந்தமில்லை. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேட்டரிக்கு வயிறு இல்ல சாமி. கொதிச்சாலும் வெள்ளத்தில உப்பு அங்ஙனேதான் இருக்கும். அது தகட்டைத் தின்னும்" என்றார். மறுநாள் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் கேன்களை வாங்கி வந்து அடுக்கினார். அதிலிருந்து இன்றுவரை வேறு தண்ணீர் நம் வண்டியில் இறங்கியதில்லை.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதிலும் நான் தப்பாகவே இருந்தேன். சார்ஜ் போடும் முன் கழுத்துவரை நிரப்பிவிடுவேன். சார்ஜ் ஏற ஏற உள்ளே இருப்பது சூடாகிப் பொங்கும், அமிலம் மேலே வழிந்து சட்டத்தை அரிக்கும். வர்கீஸ் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்றுவார், அதுவும் தகடு முங்கி மூடியின் குழலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவுக்கு. சார்ஜ் போடும் முன்னரே தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது முங்கும்வரை கொஞ்சம் விடுவார். அமிலத்தை ஒருநாளும் சேர்க்கமாட்டார், "குறையுறது வெள்ளம் மட்டும்" என்பார். வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் அன்றே சார்ஜில் போட்டுவிடுவார். பாதிக்குக் கீழே இறங்க விடவே மாட்டார். பேட்டரியைக் காலியாக வைத்திருந்தால் தகட்டில் வெள்ளை படிந்து அது மெதுவாகச் செத்துப்போகும். மழைக்காலத்தில் பயணிகள் வராத வாரங்களிலும் அவர் வந்து சார்ஜ் போட்டார். கடல் ஏறும் வேலியேற்றத்தில் காயல் தண்ணீர் தெருவுக்கு வரும் நாட்களில் சார்ஜர்கள் நனையக்கூடாது என்று இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டியவரும் அவர்தான்.

மோதிரத்தைக் கழற்றச் சொன்னதும் அவர். எனக்குக் கல்யாண மோதிரத்தைக் கழற்றி வழக்கமில்லை. "ஸ்பானர் ஒரு முனையில, மோதிரம் மறு முனையில தொட்டா மோதிரம் பழுக்கும், விரலோட" என்றார். அன்று சோப்புப் போட்டுக் கழற்றியதுதான். உன் அம்மா ஒரு வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஸ்பானரின் கைப்பிடிக்கு அவர் ரப்பர் டேப் சுற்றினார். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜரை நிறுத்தாமல் கிளிப்பைப் பிடுங்கக்கூடாது. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்தால், மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, உலர்ந்த பிறகு வாசலின் தடவ வேண்டும். நான் தேங்காய் எண்ணெய் தடவினால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இரண்டு டிகிரிகள் இருப்பது எனக்கே மறந்துபோயிற்று.

இதையெல்லாம்விட அவர் பெரிதாகப் பிடித்துக்கொண்டது கதவை. நம் கிடங்கு முன்பு சுக்கு வைத்திருந்த கிடங்கு, இன்னும் மழை பெய்தால் சுவரிலிருந்து இஞ்சி வாசனை வரும். இரண்டு சின்ன ஜன்னல், ஒரு பெரிய தேக்குக் கதவு. சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில் பேட்டரி குமிழிட ஆரம்பிக்கும், அப்போது அதிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சீட்டுக்கு அடியிலும் கூரைக்கு அடியிலும் போய்க் கூடிநிற்கும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். (அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது வேறு. ஏதோ ஒரு பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கெட்டுப்போகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்தவேண்டும்.) அதனால் வர்கீஸ் காலையில் வந்ததும் சார்ஜர் நின்றிருக்கிறதா என்று பார்ப்பார், கதவையும் ஜன்னல்களையும் மலரத் திறந்துவைப்பார், பிறகு வெளியே போய் முக்கில் ஒரு சாயா குடிப்பார். கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் கிடங்குக்குள் அவர் கை எதையும் தொடும். நான் ஒருமுறை, "அந்தக் கால் மணி நேரம் வேலை நேரத்தில் சேருமா?" என்று கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்துக் கேட்டது. "சாமி, அதாக்கும் வேலை" என்றார்.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். நீ அப்போது கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய், பத்தொன்பது வயது. முந்தின நாள் சாயங்காலம் வர்கீஸ் வண்டிகளைக் கழுவி, சார்ஜில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "சாமி, விடியறதுக்கு முன்னே ஃபுல்லாகும். நிறுத்திட்டு, கதவு தொறந்து வெச்சு, ஒரு சாயா கழிஞ்சு மதி பூஜை." சாயா குடிக்கும் நேரம் கழிந்த பிறகு பூஜை போதும் என்று எல்லாம் சொல்லித்தான் போனார். விடிந்ததும் நான் குளித்துவிட்டுப் போனேன். டைமர் தீர்ந்து சார்ஜர்கள் நின்றிருந்தன. வண்டியில் சார்ஜ் காட்டும் முள், முழு அளவுக்கு ஒரு கோடு குறைவாக இருப்பதாக எனக்குப் பட்டது. அம்பாள் முன்னால் குறைவாக எதையும் வைக்கக்கூடாது என்பது என் எண்ணம். நாலு சார்ஜரையும் மறுபடி போட்டேன். பழைய மாதிரி சார்ஜர்கள் அவை, திருகிவைத்த டைமர் தீரும்வரை தாமாக நிற்கத் தெரியாதவை. பிறகு சீட்டுகளைத் தூக்கி நிறுத்தினேன். பூஜை பேட்டரிக்குத்தானே, சீட்டுக்கு இல்லையே. தொண்ணூற்றாறு மூடிகளிலும் சந்தனம் வைத்தேன், வைக்கும்போது சந்தனம் சரியாக ஒட்டவேண்டும் என்று முதல் வண்டியில் சிலவற்றைத் திருகிக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். இதற்கு இன்றுவரை எனக்கே காரணம் புரியவில்லை. நீ மணியோடு வந்தாய். காயல் பக்கத்திலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. கற்பூரம் அணைந்து அணைந்து போயிற்று. இரண்டு முறை ஏற்றினேன். மூன்றாவது முறை, ஜன்னல்களைச் சாத்தி, கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளும் போட்டேன்.

நீ அம்பாள் படத்தைப் பார்த்தபடி மணி அடித்துக்கொண்டிருந்தாய், ஆகவே தாழ்ப்பாள் போட்டதும் உனக்குத் தெரிந்திருக்காது, இதுவும் கேட்டிருக்காது. வெளியே வர்கீஸ் வந்து கதவைத் தட்டினார். "சாமி, கதவு தொறக்கூ. சார்ஜர் ஓடுற சத்தம் கேக்குது" என்றார். நான் கற்பூரத் தட்டை ஏந்தியபடியே, "பூஜை நடக்கறது, அஞ்சு நிமிஷம்" என்றேன். பிறகு முதல் வண்டியின் பேட்டரிகளுக்கு மேலே தட்டைக் கொண்டுபோய்ச் சுற்றினேன்.

தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் பெரிய தேங்காய். சடங்கில் தேங்காய் அதற்குப் பிறகுதான், யார் முந்திக்கொண்டு உடைத்தது என்றே முதலில் நினைத்தேன். ஒரு பேட்டரியின் தலை முழுவதும் காணாமல் போயிருந்தது. நீ முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாய். கதவு உள்பக்கமாக உடைந்து திறந்தது. வர்கீஸ் உன்னைத் தோளோடு இழுத்து வெளியே தண்ணீர் டிரம் பக்கம் கொண்டுபோனார். கையைப் பிடித்து விலக்கி, தலையைச் சாய்த்து, மக்கு மக்காக ஊற்றினார். "மோனே, கண்ணு தொற. எரியும், தொற. என்னை நோக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ அலறினாய், அவரை அடித்தாய், அவர் விடவில்லை. நான் என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும் அல்லவா? கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரிந்துகொண்டேயிருந்தது. வர்கீஸ் திரும்பாமலே, "சாமி, அதை அணைக்கூ. பிளக்கைப் பிடுங்கவேண்டா, சுவர்ல மெயினை ஆஃப் ஆக்கு" என்றார். நான் வீட்டுக்குள் ஓடிச் சமையல் சோடாவைக் கொண்டுவந்தேன், கண்ணில் போட. அமிலத்துக்குச் சோடா என்று படித்திருந்தேனே. வர்கீஸ் டப்பாவைக் கையால் தட்டிவிட்டார். "அது தரைக்கு. கண்ணுக்கு வெள்ளம் மட்டும்." இருபது நிமிஷம் ஊற்றினார், பிறகு ஆட்டோவில் போகும்போதும் மடியில் உன் தலையை வைத்துக் கேனிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார்.

எர்ணாகுளத்தில் கண் டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டார். நான் வர்கீஸைக் காட்டினேன். "கண்ணு தப்பிச்சது அதனாலாக்கும்" என்றார் டாக்டர். வர்கீஸின் சட்டையில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்திருந்தன. அவரை வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன், போனார்.

அவர் போய் ஐந்து நிமிஷத்தில் அத்திம்பேர் வந்தார், பின்னாலேயே உன் அத்தை, இரண்டு சித்தப்பாக்கள், பக்கத்து வீட்டார். அத்திம்பேர் உட்காரவில்லை. "எப்படிடா ஆச்சு?" என்றார். பெட்ரோல் இல்லாத வண்டியைப் பற்றி அவர் அன்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய், என்னைக் கேட்காமலே, "ஏதோ ஒரு நட்டு லூஸா இருந்திருக்கு. பொறி பறந்துடுத்து. வர்கீஸ் சரியா முறுக்கலை போலிருக்கு" என்றது. அத்திம்பேர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார், என்ன சொன்னார் என்பதை யாரும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி மட்டாஞ்சேரிக்கு எனக்கு முன்பாகவே திரும்பி வந்துவிட்டது. கட்டுப் போட்ட கண்ணோடு நீ கண்விழித்தபோது யாரோ உனக்கும் அதைச் சொன்னார்கள். நான் அங்கேதான் இருந்தேன்.

மறுநாள் காலை வர்கீஸ் கிடங்குக்கு வந்தார். வழக்கம்போல் ஜன்னல்களைத் திறந்தார், உடைந்த கதவை ஒதுக்கிவைத்தார், கால் மணி நேரம் வெளியே நின்றார். அன்று சாயா குடிக்கப் போகவில்லை. பிறகு என்னிடம் வந்து, "சாமி, ஞான் முறுக்கினது லூஸாயிருந்தோ?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். அவருக்குத் தெரிந்ததைத்தான் என்னிடம் கேட்டார், என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று. என் கையில் அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தது. அதன் மிதவையைப் பார்த்துக்கொண்டே, "இருந்திருக்கலாம்" என்றேன். அவர் தலையாட்டினார். மிச்சமிருந்த இருபத்து மூன்று பேட்டரிகளின் தொண்ணூற்றிரண்டு குழிகளையும் திறந்து பார்த்து, வேண்டிய இடத்தில் தண்ணீர் விட்டு, எல்லா மூடிகளையும் மூடி, சந்தனத்தைத் துடைத்து, சாவிக் கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். இப்போது பள்ளுருத்தியில் வீட்டு வாசலிலேயே ஆட்டோக்காரர்களுக்குப் பேட்டரி பார்த்துக் கொடுக்கிறார். தெருவில் பார்த்தால், "சாமி, சுகம்தானே?" என்பார். நான், "சுகம்" என்பேன். பதினொரு வருஷத்தில் எங்கள் உரையாடல் அவ்வளவுதான்.

அந்த வாரமே கதவைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவந்தேன். ஒருநாள் உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "தேக்காக்கும் அது. தேக்கைக் கரையான் எங்கே அரிக்கறது?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, கேட்க வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொண்டேன். உடைந்த தாழ்ப்பாள் என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய மின்சார ரசீதுகளுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே இருந்து தாழிட்டது யார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எடுத்துப் பார்.

ஆகவே புதன்கிழமை வரும் ஷட்டரை வேண்டாம் என்று சொல்லிவிடு. நாய்க்குக் கம்பிக் கதவு போதும், காற்று அதற்குள் நுழைந்து போகும். கூரையருகில் இரண்டு பக்கமும் துவாரம் வைக்கச் சொல், ஹைட்ரஜன் மேலே போகிற ஜாதி. அடுத்த வருஷம் லித்தியம் பேட்டரி போடுகிறேன் என்கிறாய், போடு. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், அதற்கு வேறு பயங்கள் உண்டு, அதற்கான சார்ஜரும் வேறு. அதுவரை இருப்பவை இவைதான். வண்டியில் ஒரு பேட்டரி மட்டும் கெட்டால் புதிது ஒன்றைச் சொருகிச் சமாளிக்க நினைக்காதே, கிழடுகளோடு சேர்ந்தால் புதிதும் சீக்கிரம் கிழடாகிவிடும், ஆறையும் சேர்த்து மாற்று. பழையதைக் காயலான் கடைக்கு, இங்கத்து ஆக்கர்க்கடைக்கு, போடாதே, அதற்குள் ஈயம் இருக்கிறது, விற்ற கடையிலேயே திருப்பிக் கொடு. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் ஆணியில் தொங்கவிடு, தொங்கினால் போதாது, போட்டுக்கொள். தண்ணீர் டிரம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். பீடியோடு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்து, அவர் சமாஜத்தின் தலைவராக இருந்தாலும். பூஜையைத் தெருவில் வைத்துக்கொள். அம்பாளுக்குக் கற்பூரம் அணைந்தாலும் பாதகமில்லை என்பது என் இப்போதைய ஞானம்.

இவற்றில் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் வர்கீஸ் சொன்னது. என் சொந்தப் பங்களிப்பு சீரகத் தண்ணீரும் தாழ்ப்பாளும்தான். அந்த ஹோட்டல் மேனேஜர் கேட்டால் இதை அப்படியே சொல். எட்டு வண்டியை நம்பி ஒப்படைக்க மேற்குக் கொச்சியில் ஒரு கை இருக்கிறதென்றால் அது அவருடைய கை. உன் கண்ணை வைத்துச் சொல்லலாம், அது அதற்குத் தகுதியான சாட்சி.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதை நாளை மறுநாள் இட்லியோடு பேசிக்கொள்ளலாம், இந்த முறை சட்னி கேட்கமாட்டேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கடிதம் யாருக்குச் சேரவேண்டுமோ அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அச்சில் வந்தாலும் அவருக்கு அது கறுப்புக் கோடுகள்தான். எனக்கு மலையாளம் நன்றாகவே எழுத வரும். இருந்தும் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன் என்பதைக் கடைசிப் பக்கத்தில்தான் கவனித்தேன். பயப்படுகிறவனின் கை கடைசிவரை ஒரு வழியைத் திறந்துவைத்துக்கொள்ளும். அந்த வழியை இப்போது அடைக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் அவர் சர்ச்சில் குர்பானைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவார். நாம் இரண்டு பேரும் போகிறோம். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்கிறேன், சொந்த வாயால், மலையாளத்தில். நான் எதையாவது விட்டுவிட்டால் நீ கடிதத்தைப் பார்த்து எடுத்துக்கொடு. கதவைத் தட்டியதையும் அஞ்சு நிமிஷம் என்றதையும் விட்டுவிடுவேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொள்.

சொல்லி முடித்ததும் அவர் உடனே ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்காதே. நாமும் மேலே பேசவேண்டாம், மன்னிப்பு என்ற வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அவரை அவசரப்படுத்தவும் வேண்டாம். அத்தனை வருஷம் மூடிக் கிடந்த இடத்தைத் திறந்திருக்கிறோம். வாசலில் போய் நிற்போம். கால் மணி நேரம்.